மென்பொருள் கேட்ட முதல் கேள்வி

புது மென்பொருள் வருகிறது என்றதும் மெத்தைக் கம்பெனியில் ஆளுக்கொரு கவலை வந்தது. கணக்குப் பிரிவுக்காரர்களுக்கு வேலை போய்விடுமோ என்று கவலை. கிடங்குக்காரருக்கு இந்த வயதில் தட்டச்சுப் பழக வேண்டுமே என்று கவலை. தையல் பிரிவுப் பெண்களுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. எந்த மென்பொருள் வந்தாலும் மெத்தைக்கு ஓரம் அடிக்க ஆள் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். நடுக்காவுக்கு வந்ததோ வாய் விட்டுச் சொல்ல முடியாத கவலை.

நடுக்கா என்பது தொழிலாளர்கள் வைத்த பெயர். முதலாளிகள் இரண்டு பேர், அண்ணனும் தம்பியும். ஊருக்கே அவர்கள் பெரியவர், சின்னவர். இருவருக்கும் நடுவில் பிறந்தவள் இவள். பிறந்ததுதான் நடுவில் என்றால், உட்கார்ந்ததும் நடுவில்தான். கீழே உற்பத்திக் கூடமும் கிடங்கும் பெரியவருடைய ராஜ்யம். மேலே விற்பனைப் பிரிவும், வாடிக்கையாளர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் படுத்துப் பார்க்கிற அறையும் சின்னவருடையவை. மாடிப்படி திரும்புகிற இடத்தில் கண்ணாடித் தடுப்பு போட்ட ஓர் அறை. அதில் ஒரு மேசை, கீழுக்கு ஒன்று மேலுக்கு ஒன்றாக இரண்டு தொலைபேசி, நடுக்கா.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். கீழே அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சின்னவர் ஒரு பெரிய ஹோட்டலுக்கு மெத்தை அனுப்பத் தேதி கொடுத்துவிட்டு வந்தார். பெரியவர் கூடத்தின் நடுவில், அத்தனை பேர் பார்க்க, "உனக்கு வாய் மட்டும்தான்டா இருக்கு. அதை வச்சா மெத்தை தைப்பே?" என்று கேட்டார். தம்பி, "என் வாய் இருக்கறதாலதான் உங்க மெத்தை விக்குது" என்றார். அவ்வளவுதான் சண்டை. நியாயமாக அன்று சாயங்காலமே ஆறியிருக்க வேண்டும். யார் முதலில் பேசுவது என்று இருவரும் காத்திருந்தார்கள். காத்திருந்ததிலேயே வருஷங்கள் போய்விட்டன.

ஆனாலும் கம்பெனி ஓடியது, நன்றாகவே ஓடியது. எப்படி என்றால் இப்படி.

"பாப்பா, அந்த மூளை கெட்டவன்கிட்ட சொல்லு. ஸ்பான்ஜ் மரத்துல காய்க்கலை. அடுத்த வாரம்னா அடுத்த வாரம்தான்" என்பார் பெரியவர்.

நடுக்கா படியேறுவாள். மேல்படியைத் தொடுவதற்குள் அந்தச் சேதி குளித்து முழுகி வேறு உடுப்புக்கு மாறியிருக்கும்.

"தம்பி, ஸ்பான்ஜ் வரக் கொஞ்சம் லேட்டாகுமாம். அடுத்த வாரம் கண்டிப்பா ஆயிடும்னு அண்ணன் சொல்லச் சொன்னார். நீ பார்ட்டிகிட்ட எப்படியும் சமாளிச்சுடுவேன்னு அவருக்குத் தெரியும்."

சின்னவர் மேசையில் குத்துவார். "சமாளிக்கறதுக்கு நான் என்ன அவர் வச்ச ஆளா? முன்னாடியே சொல்லத் துப்பில்லையான்னு கேளு அக்கா."

நடுக்கா இறங்கி வந்து, "சரின்னுட்டான் அண்ணா. அடுத்த தடவை ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சா வசதியா இருக்கும்னு சொன்னான்" என்பாள்.

பொய் சொல்கிறாயே என்று கேட்டால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். கொதிக்கக் கொதிக்க வந்ததை ஆற்றிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான் என்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆற்றிக் கொடுக்காமல் அப்படியே விழுங்கிய சேதி இரண்டு உண்டு. ஒரு நாள் பெரியவர் கிடங்குக் கதவைச் சாத்திவிட்டு, "பிரிச்சுடலாம்னு அவன்கிட்ட சொல்லு பாப்பா. ஆளுக்குப் பாதி. இவனோட இனிமே என்னால முடியாது" என்றார். நடுக்கா அன்று மாடி ஏறவே இல்லை. தன் அறையில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீரையும் குடித்துத் தீர்த்தாள். மறுநாள் கீழே போய், "சொன்னேன் அண்ணா. மாட்டேன்னுட்டான். அண்ணன் இல்லாம நான் என்ன பண்ணுவேன்னு கேட்டான்" என்றாள். பெரியவர் மூக்கைச் சொறிந்துகொண்டார். "அவனா? அப்படியா கேட்டான்?" என்றார். அன்று முழுக்கத் தையல் பிரிவில் யாருக்கும் திட்டு விழவில்லை.

சில மாதம் கழித்துச் சின்னவருக்கும் அதே எண்ணம் வந்தது. "நான் தனியாப் போறேன்னு அண்ணன்கிட்ட சொல்லிடு அக்கா." நடுக்காவுக்கு இந்தத் தடவை தண்ணீர்கூடத் தேவைப்படவில்லை, பழகிவிட்டது. "அண்ணன் கண் கலங்கிட்டார் தம்பி. வேண்டாம்னு சொல்லுன்னார்" என்றாள். சின்னவர் நெடுநேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அதன் பிறகு அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கம்பெனிப் பேச்சு வீட்டுக்குள் வரக் கூடாது என்பது இரண்டு வீட்டிலும் சட்டம். அதனால் விஷயம் வேறு வழியாகக் கசியவும் இல்லை. தன்னை விட்டுப் போக அவனுக்கு மனமில்லை என்று அண்ணனும், தன்னை அனுப்ப அவருக்கு மனமில்லை என்று தம்பியும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கையின் மேல்தான் கம்பெனி நின்றது. அது அடியோடு பொய் என்று தெரிந்தவள் ஒருத்திதான்.

இப்படிப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தாள் ஆலோசகர் பெண். மென்பொருள் நிறுவனம் அனுப்பியவள். கையில் கணினி இருந்தது, ஆனால் பையை விட்டு வெளியே எடுக்கவில்லை. எடுத்ததெல்லாம் கட்டுக் கட்டாக மஞ்சள் ஒட்டுச் சீட்டு.

"முதல்ல கம்ப்யூட்டரைத் தொடப் போறதில்லை" என்றாள். "இப்போ வேலை எப்படி நடக்குதுன்னு சுவத்துல ஒட்டிப் பார்க்கலாம். அதை ஒழுங்கு பண்ணிட்டுத்தான் மென்பொருள்ல ஏத்தணும். இல்லைன்னா இப்போ மெதுவா நடக்கற குழப்பம் அப்போ வேகமா நடக்கும்."

மேல்மாடியில் காலியாகக் கிடந்த அறைச் சுவர் முழுக்க மஞ்சளானது. ஆர்டர் வருவது ஒரு சீட்டு. துணி இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு சீட்டு. வெட்டு, தையல், ஓரம், லாரி. ஒவ்வொரு பிரிவாகக் கூப்பிட்டுக் கேட்டு ஒட்டினாள், சீட்டுக்குச் சீட்டு அம்புக்குறி போட்டாள். போடப் போட அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. எந்தப் பக்கமிருந்து எந்த அம்பு கிளம்பினாலும் நடுவிலிருந்த ஒரே சீட்டில் போய் முட்டியது. அதில் அவள் 'மேடம்' என்று எழுதியிருந்தாள்.

நடுக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"இந்த இடத்துல நீங்க என்ன செய்யறீங்க மேடம்?"

"சொல்லுவேன்."

"யார்கிட்ட?"

"கீழே இருக்கறவர் சொன்னதை மேலே. மேலே இருக்கறவன் சொன்னதைக் கீழே."

"சொன்னதை அப்படியேவா?"

நடுக்கா சுவரைப் பார்த்தாள். "அப்படியே சொன்னா நீங்க ஒட்ட இங்க சுவரே இருந்திருக்காதும்மா" என்றாள்.

ஆலோசகர் சிரித்துவிட்டாள். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, இனிமேல் ஆர்டர் மேலிருந்து நேராகக் கீழே திரையில் விழும், பதிலும் நேராக மேலே போகும், யார் எழுதினாலும் எழுதியது எழுதியபடி மற்றவருக்குத் தெரியும் என்று விளக்கினாள். நடுக்காவின் காதில் அந்த 'எழுதியது எழுதியபடி' மட்டும் நின்றது. மூளை கெட்டவன் என்று அண்ணன் எழுதினால் அதுவும் எழுதியபடியே போகுமா என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை.

அடுத்து பொருள்களின் பெயரைச் சரிபார்க்கிற வேலை. மென்பொருளில் ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான் இருக்கலாம். இங்கே எல்லாவற்றுக்கும் இரண்டு பெயர் இருந்தது. பெரியவர் மெத்தையைக் கனத்தை வைத்துக் கூப்பிடுவார்: மொத்தக்கட்டை, நடுக்கட்டை, சன்னம். சின்னவர் வாங்குகிறவரை வைத்துக் கூப்பிடுவார்: ஹோட்டல் ரகம், ஹாஸ்டல் ரகம், ஆஸ்பத்திரி ரகம். மொத்தக்கட்டையும் ஹோட்டல் ரகமும் ஒன்றே என்று தெரிந்த ஒரே ஜீவன் நடுக்கா. ஒரு தடவை அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். சின்னவர் ஹோட்டல் ரகம் கேட்டுத் தாளை நேராகக் கீழே அனுப்பினார். அப்படி ஒரு ரகமே இல்லை என்று தாள் திரும்பி வந்தது. கிடங்கு மூலையில் மொத்தக்கட்டை மலையாகக் குவிந்திருந்தது. சின்னவர் வெளியில் ஆள் பிடித்துத் தைத்து அனுப்பினார். குவிந்திருந்தது மேலே விற்றுவிட்டு எடுக்காமல் வைத்த சரக்கு என்று பெரியவரும், கீழே தைத்துக் கெட்டுப்போனதை மூலையில் தள்ளியிருக்கிறார்கள் என்று சின்னவரும் நினைத்ததில், நல்ல மெத்தைகள் அந்த மூலையிலேயே பாலிதீன் உறைக்குள் கிடந்தன. காய்ச்சல் விட்டு வந்த நடுக்கா, சொன்னால் புதுச் சண்டை என்று அதை அப்படியே விட்டுவிட்டாள். ஆலோசகர் அந்தக் குவியலைப் பார்த்தாள். பெயர்களை ஒன்றாக்குகிற வேலையை நடுக்காவிடமே கொடுத்தாள். நடுக்கா அதைச் சந்தோஷமாகவே செய்தாள்.

எல்லாம் ஒரு வழியாக வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"மென்பொருளைத் திறந்ததும் முதல்ல கேக்கறது இதைத்தான் மேடம்" என்றாள் ஆலோசகர். "இது ஒரு கம்பெனியா, ரெண்டு கம்பெனியா? பின்னாடி பிரிக்கிற எண்ணம் இருந்தா இப்பவே ரெண்டாப் போட்டுடணும். ஒண்ணாப் போட்டுட்டு அப்புறம் பிரிக்கணும்னா எல்லாத்தையும் கலைச்சுட்டு மறுபடி ஆரம்பிக்கணும்."

"ஒண்ணுதான். போட்டுக்கோங்க."

"முதலாளிங்க ரெண்டு பேரும் சொல்லணும் மேடம்."

"நான் கேட்டுட்டு வந்து சொல்றேன்."

"இதை மட்டும் நீங்க கேட்டுட்டு வர வேண்டாம்" என்றாள் ஆலோசகர். மரியாதையாகத்தான் சொன்னாள். "நீங்க போனா என்ன பதில் வரும்னு எனக்கு இப்பவே தெரியும். ரெண்டு பேரும் ஒரே அறையில உக்காந்து என் எதிர்ல சொன்னாத்தான் நான் எழுத முடியும்."

நடுக்கா வீட்டுக்குப் போய் அடுப்படியில் நின்றாள். அவள் கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கடையை மூடிவிட்டு வந்து, தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் மட்டும் அவள் எதையும் ஆற்றாமல் கொட்டுவாள்.

"கூப்பிட்டு உக்கார வச்சு உண்மையைச் சொல்லிடேன்" என்றார் அவர்.

"சொன்னா அன்னிக்கே பிரிஞ்சுடுவாங்க."

"பிரியட்டுமே. உலகத்துல யாரும் பிரியலையா? சேர்ந்திருக்கோம்னு பேரு, மூஞ்சியைக்கூடப் பார்த்துக்கறதில்லை."

"இப்போ பேசறதில்லைன்னாலும் ஒரே கூரைக்குக் கீழே இருக்காங்க. அவர் இருமினா இவனுக்குக் கேக்குது. பிரிஞ்சா அதுவும் போச்சு. அப்புறம் நான் எங்க உக்காருவேன்? இந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம் அடைச்சுடும்." சொல்லிக்கொண்டே வந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எனக்குக் கூடப் பிறந்தவங்கன்னு ரெண்டே பேரு. ஒருத்தரைத் தேர்ந்தெடுன்னு என்கிட்ட சொல்லிடுவாங்க."

கணவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். அவர் கண்ணிலும் தண்ணீர். அதை வெங்காயத்தின் கணக்கிலேயே எழுதிக்கொண்டார்.

நடுக்கா சும்மா இருக்கவில்லை. கூட்டம் தள்ளிப்போய்விட்டது என்று பெரியவரிடம் சொன்னாள். இடம் மாறிவிட்டது என்று சின்னவரிடம் சொன்னாள். அப்படியே இழுத்துக்கொண்டு போனால் ஆலோசகர் அலுத்துப்போய் ஒன்று என்றே போட்டுவிடுவாள் என்று ஒரு கணக்கு. ஆனால் ஆலோசகர் புது மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற சாக்கில், கூட்டத்துக்கான அழைப்பை அதிலிருந்தே இரண்டு பேருடைய கைபேசிக்கும் நேராக அனுப்பிவிட்டாள். நடுக்காவைத் தாண்டி அந்தக் கம்பெனியில் போன முதல் சேதி அதுதான். குறித்த நேரத்துக்கு இருவரும் வந்து நின்றார்கள்.

மஞ்சள் சுவர் அறையில் நீள மேசை. பெரியவர் ஒரு கோடியில் உட்கார்ந்தார், சின்னவர் மறு கோடியில். நடுக்கா வழக்கம்போல நடுவில். ஆலோசகர் கேள்வியைச் சொன்னாள். ஒன்றா, இரண்டா?

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆலோசகரைப் பார்த்துச் சொன்னார். "நான் எப்பவோ பிரிச்சுடலாம்னு சொன்னவன்தாம்மா. அவன்தான் என்னை விட்டுப் போக மாட்டேன்னுட்டான். சரி, கூடப் பிறந்தவனாச்சேன்னு விட்டுட்டேன். ஒண்ணுன்னே போடுங்க." தோரணையாகத்தான் சொன்னார்.

சின்னவர் நிமிர்ந்தார். "அக்கா, நான் எப்போ அப்படிச் சொன்னேன்? தனியாப் போறேன்னு சொன்னதே நான்தானே. அண்ணன்தான் வேண்டாம்னு கண் கலங்கினார்னு நீ வந்து சொன்னே."

"நானா?" என்றார் பெரியவர். "நான் கண் கலங்கினேனா?"

இரண்டு தலையும் ஒரே நேரத்தில் நடுக்காவின் பக்கம் திரும்பின. குட்டு உடைந்துவிட்டது. இத்தனை வருஷம் இரண்டு பேருக்கும் வார்த்தை கொடுத்தவளுக்கு அன்று தனக்கென்று ஒரு வார்த்தை அகப்படவில்லை.

பெரியவர்தான் முதலில் பேசினார். அக்கம்பக்கம் பார்க்காமல் நேராக மறு கோடிக்கே பேசினார்.

"அந்த ஸ்பான்ஜ் லேட்டானப்போ நீ சரின்னியாமே?"

"யார் சரின்னது? நான் மேசையைக் குத்தினேன். கை வீங்கிடுச்சு. பார்ட்டிகிட்ட நான் சமாளிச்சுடுவேன்னு உங்களுக்குத் தெரியும்னீங்களாமே?"

"மூளை கெட்டவன்னேன்."

"ஓஹோ."

"லாரி லேட்டா வந்ததுக்கு மன்னிப்புக் கேட்டியாமே?"

"மன்னிப்பா? நானா?"

இப்படியே ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கொடுத்தது என்ன, வந்து சேர்ந்தது என்ன என்று கிடங்கில் சரக்கு சரிபார்க்கிற மாதிரி ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார்கள். எதுவும் ஒத்துப்போகவில்லை. பெரியவரின் கழுத்து சிவந்தது. சின்னவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். நடுக்கா கையைப் பிசைந்துகொண்டு, முடிந்தது, இன்றோடு எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்திருந்தாள்.

"இரு" என்றார் பெரியவர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஒரு தடவை வந்து சொன்னா. என் அண்ணன் தைக்கிற மெத்தை மாதிரி எவனாலயும் தைக்க முடியாதுன்னு பார்ட்டிகிட்ட நீ சொன்னியாம். அதுவும் இவ கைவேலைதானே?"

சின்னவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இல்லை. அது நான் சொன்னது" என்றார். "எல்லா பார்ட்டிகிட்டயும் சொல்றதுதான். அதை உங்ககிட்ட சொல்லச் சொல்லி நான் அக்காகிட்ட சொல்லவே இல்லை. அவளா வந்து சொல்லியிருக்கா."

பெரியவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நடுக்காவைப் பார்க்காமலே, "நீ கொஞ்சம் வெளியே இரு" என்றார். பாப்பா என்று சொல்லவில்லை.

அவள் வெளியே வந்து, வாடிக்கையாளர் படுத்துப் பார்க்கிற மெத்தை ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்தாள். உள்ளே பெரியவர் கத்தினார். அப்புறம் சின்னவர் அவரைவிட உரக்கக் கத்தினார். நாற்காலி நகர்ந்தது. ஹோட்டல், தேதி, வாய், மெத்தை என்று அந்தப் பழைய சண்டையின் துண்டுகள் கதவு இடுக்கு வழியாக வந்து விழுந்தன. அன்று கூடத்தில் பாதியில் நின்ற சண்டையை விட்ட இடத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. எழுந்து உள்ளே ஓடிப்போய் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்க வேண்டும் போலிருந்தது. கால் வரை வந்துவிட்ட அந்த ஆசையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆலோசகர் வெளியே வந்தாள். அவளையும் துரத்திவிட்டார்கள் போலிருக்கிறது.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள் நடுக்கா.

"எழுதிட்டேன் மேடம். ஒண்ணுன்னுதான்."

நடுக்காவால் நம்ப முடியவில்லை. "இந்தச் சத்தம் போடறாங்களே?"

"அதைத்தான் நானும் கேட்டேன். பெரியவர் சொன்னார், நாங்க இன்னும் ஒரு சண்டைகூட ஒழுங்காப் போட்டதில்லை, எங்க சண்டையெல்லாம் எங்க தங்கச்சியே போட்டு முடிச்சுட்டா, முதல்ல சண்டை போட்டுப் பார்க்கறோம், பிரியறதைப் பத்தி அப்புறம் பார்க்கலாம்னு. சின்னவரும் ஆமாங்கறார்." ஆலோசகர் தயங்கினாள். "ரெண்டு பேருக்கும் உங்க மேலதான் கோபம் மேடம்."

கோபப்படட்டும் என்று நடுக்கா நினைத்தாள். அந்த நிமிஷத்தில் அவளுக்குச் சந்தோஷம்தான். கோபத்தில் என்ன இருக்கிறது, ஒரு வாரத்தில் ஆறும் என்று நினைத்தாள். ஒரு வாரத்தில் ஆறும் கோபம் எத்தனை வருஷம் போகும் என்று தெரியாதவள் இல்லை, ஆனாலும் அப்படித்தான் நினைத்தாள்.

மென்பொருள் ஓடத் தொடங்கியது. முதல் சில நாள் எதை அழுத்தினாலும் எங்கோ சிக்கியது, பிறகு ஓரளவு வழிக்கு வந்தது. ஆர்டர் மேலிருந்து நேராகக் கீழே விழுந்தது. பெரியவர் திரையில் பதில் எழுத மெனக்கெடவில்லை. எழுந்து படியேறி நேராகவே போய்க் கத்திவிட்டு வந்தார். சில நாள் சின்னவர் இறங்கி வந்து கத்தினார். இரண்டு பேரும் சேர்ந்து கத்திய ஒரு நாளில் தையல் பிரிவுப் பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நடுக்கா ஆட்சியில் நிம்மதியாக இருந்தோம் என்று அதில் ஒருத்தி முணுமுணுத்தாள். கத்தி முடித்ததும் அண்ணனும் தம்பியும் ஒரே மேசையில் தேநீர் குடித்தார்கள்.

சின்னவரின் கோபம் சீக்கிரமே தணிந்துவிட்டது. அவருக்கு எப்போதும் கை வீங்கும் வரைதான் கோபம். பெரியவர் அப்படி இல்லை. மேலே போக அவர் நடுக்காவின் கண்ணாடி அறையைக் கடந்துதான் ஆக வேண்டும். கடந்து போனார். தலை திரும்பவில்லை. இறங்கும்போதும் திரும்பவில்லை. அவள் எழுந்து நின்றால்கூடச் சுவரோரமாகப் பார்வையை வைத்துக்கொண்டு போனார். முன்பு நாள் முழுக்கப் பாப்பா பாப்பா என்று ஒலித்த கீழ்த் தொலைபேசி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. எந்தக் கம்பெனி பிரியக் கூடாது என்று அவள் இத்தனையும் செய்தாளோ அது பிரியவில்லை. அவள்தான் பிரிந்து கிடந்தாள். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோன நாள்கள் உண்டு.

ஒரு நாள் மத்தியானம் சின்னவர் கதவருகே வந்து நின்றார்.

"அக்கா, அண்ணன் உன்கிட்ட சொல்லச் சொன்னார்."

நடுக்கா கணினியிலிருந்து கையை எடுத்தாள். "என்ன?"

"அந்தப் பேரையெல்லாம் ஒண்ணாக்கின வேலையை நீ ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கியாம். கிடங்குல இப்போ தேடாம எடுக்க முடியுதாம்." சின்னவர் மேசை விளிம்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "அப்புறம், மத்தியானம் சாப்பிடாம உக்காந்திருக்கியாமே. உடம்பைப் பார்த்துக்கச் சொன்னார்."

"வேற?"

"ரெண்டு மெத்தைப் பேர்ல சின்னத் திருத்தம் இருக்காம். அவசரம் ஒண்ணும் இல்லை, மெதுவாப் பார்த்தாப் போதும்னார்."

நடுக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பெரியவரை அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள் என்று அவர் தன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவசரம் இல்லை என்ற பேச்சு அவர் வாயில் வந்ததே கிடையாது. ரெண்டு மெத்தைப் பேர் தப்பா இருக்கு, கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு வேலை பார்க்கச் சொல்லு அவளை, என்றுதான் கீழே சொல்லியிருப்பார். மாடிப்படி ஏறுவதற்குள் அது இப்படி ஆகியிருக்கிறது.

எல்லாம் தெரிந்தது. தெரிந்தும் நெஞ்சு இளகிவிட்டது. அண்ணன் தன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டார் என்று உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது. அதை நிறுத்த அவளால் முடியவில்லை, நிறுத்தவும் விருப்பமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கே திருத்திடறேன்னு சொல்லு" என்றாள். "சாப்பிட்டேன்னும் சொல்லிடு."

சின்னவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். கீழே போய் என்ன சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. இழுப்பறையிலிருந்து டப்பாவை எடுத்து மேசையில் வைத்து, மூடியைத் திறந்தாள்.